பழைய பத்மினி, அம்பாசடர் வாங்கிச் சீரமைக்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். அடுத்து பெயிண்ட், அதற்கடுத்து சீட். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பது அட்வான்ஸ் கொடுக்கும்போதுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். எஞ்சினை எந்த நல்ல மெக்கானிக்கும் எழுப்பிவிடுவார், அதற்கான செலவையும் முன்கூட்டியே கணக்கிடலாம். துருப்பிடித்த தகரத்துக்கும் சிக்கலான காகிதத்துக்கும் அப்படிக் கணக்குப் போட முடியாது.

1980களின் பத்மினி ஒன்றைச் சென்னையில் வாங்கி, பிரித்து, மறுபடி சாலைக்குக் கொண்டுவந்த பிறகு எழுதுகிறேன். பட்டறைக்காரர்களுக்குக் காகித வேலை தெரியாது, ஆர்.டி.ஓ. அலுவலக புரோக்கர்களுக்குக் கார் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

## 1. எந்தக் கார் என்பதை உதிரிபாகம் தீர்மானிக்கட்டும்

முதல் முறை செய்கிறீர்கள் என்றால் பத்மினி அல்லது அம்பாசடரோடு நில்லுங்கள். பத்மினி, 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். மும்பையில் டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியதால் அதன் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அம்பாசடர் உற்பத்தி 2014-இல்தான் நின்றது. எஞ்சின் பாகமும் பாடி பாகமும் இரண்டுக்கும் கிடைக்கும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் வண்டலூரில் செய்த கார். எனக்கு மிகவும் பிடித்த காரும் அதுதான், ஆனாலும் முதல் காராக வேண்டாம் என்றே சொல்வேன். எஞ்சின், பிரேக் பாகங்கள் பல இங்கிலாந்திலிருந்து வரவழைக்கக் கிடைக்கும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது, அதனால் அதன் பின்கதவு அங்கேயும் கிடையாது. உங்கள் காரில் அது மட்கியிருந்தால் தகரத்தில் தட்டித்தான் செய்ய வேண்டும்.

ஒரே மாடலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. பத்மினியின் முந்தைய வடிவமான 1960களின் ஃபியட் டிலைட்டும் 1990களின் பத்மினியும் பார்க்க அண்ணன் தம்பி போலத் தெரியும். கிரில், விளக்கு, டேஷ்போர்டு பாகங்களை மாற்றிப் போட முடியாது. பழையது வாங்குகிறீர்கள் என்றால் இந்தச் சின்னப் பாகங்கள் எல்லாம் காரிலேயே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஞ்சின் பிஸ்டனைவிட ஒரு டெயில் லைட் கண்ணாடி கிடைப்பது கடினம்.

## 2. காருக்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

நேரில் போகும் முன்பே ஆர்.சி.யின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். படம் வந்ததும் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

யார் பெயரில் இருக்கிறது. விற்பவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கார்களில் பலமுறை அப்படி இருக்காது. நான்கு கை மாறியிருக்கும், பெயர் மாற்றாமல், கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 (பெயர் மாற்றத்துக்கான படிவங்கள்) மட்டுமே கைமாறி வந்திருக்கும். "ஓப்பன் பேப்பர் இருக்கு சார், நீங்க எப்ப வேணா மாத்திக்கலாம்" என்பார்கள். அந்தக் கையெழுத்துக்காரர் இன்று எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. ஆவணப்படி உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து, முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் தேவைப்படும். இதை விற்பவரே முடித்துத் தரட்டும். நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பத்தின் அண்ணன் தம்பி சம்மதத்துக்காக அலையக் கூடாது.

எதுவரை செல்லுபடியாகும். பணமும் காலமும் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டு, அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதையே "எஃப்.சி. காட்டுவது" என்கிறோம். புதுப்பிக்கக் காரை ஆர்.டி.ஓ. முன் ஓட்டிக் காட்ட வேண்டும். பதிவு காலாவதியான காரை அப்படியே உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது, முதலில் புதுப்பித்தாக வேண்டும். ஓடாத காரைப் புதுப்பிக்க முடியாது. ஆக, காலாவதியான ஆர்.சி.யோடு ஓடாத காரை வாங்கினால், சட்டப்படி இன்னொருவருடைய காருக்கு நீங்கள் லட்சக்கணக்கில் செலவு செய்கிறீர்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கார் தயாராகும்போது அவர் ஊர் மாறியிருக்கலாம், மனமும் மாறியிருக்கலாம். பளபளவென்று நிற்கும் காரைப் பார்த்ததும் விலையைப் பற்றி மறுபடி பேசுகிறவர்கள் உண்டு.

ஓடும் நிலையில் உள்ள, குறைந்தது இரண்டு ஆண்டு பதிவு மிச்சமிருக்கிற கார் கிடைத்தால் அதற்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் லாபமே.

கடன் பதிவு. எப்போதோ எடுத்த கடன் முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கும். படிவம் 35-உம் அந்த நிறுவனத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்றும் இருந்தால்தான் நீக்குவார்கள். வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் பரவாயில்லை, புதிய வங்கியிடம் கேட்கலாம். மூடிப்போன சிட்ஃபண்ட், தனியார் ஃபைனான்ஸ் என்றால் மிகவும் கஷ்டம். இதையும் விற்பவர் முடித்துத் தரட்டும்.

சேசிஸ் எண், எஞ்சின் எண். நேரில் போகும்போது இவற்றை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ரிவெட் அடித்த தகட்டைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், தகட்டை மாற்ற ஐந்து நிமிடம் போதும். பாடியிலேயே குத்தியிருக்கும் எண்ணைத் தேடி, கம்பி பிரஷ்ஷால் துடைத்து, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ.வுக்கும் இந்தப் பென்சில் பிரிண்ட் தேவைப்படும். எஞ்சின் எண் மாறியிருந்தால் நின்று யோசியுங்கள். பெட்ரோல் பத்மினிக்கு டீசல் எஞ்சின் மாட்டி, ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும் கார்கள் உண்டு. ஆர்.சி.யில் ஏறாத எஞ்சின் மாற்றம் புதுப்பிக்கும்போது உங்களை நிறுத்திவிடும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

கணினியில் இருக்கிறதா. அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய பழைய வரிசை எண் கொண்ட கார்கள் பல அதில் வருவதே இல்லை, கையால் எழுதிய பதிவேட்டில்தான் கிடக்கின்றன. முதலில் பதிவான அலுவலகம் பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும், இதற்குப் பேக்லாக் என்ட்ரி என்று பெயர். ஏறாதவரை பெயர் மாற்றமும் நடக்காது, புதுப்பித்தலும் நடக்காது. பழைய அலுவலகங்கள் இரண்டாக மூன்றாகப் பிரிந்திருப்பதால் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. விற்பவர் இருக்கும் ஊரில் அவரே நேரில் போய் எழுதிக் கொடுத்தால் வேகமாக நடக்கிறது. நீங்கள் தனியாகப் போனால் "ஓனர் எங்கே" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வேறு மாநிலக் கார் என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, இங்கத்திய சாலை வரி, புது எண் என்று வேலை கூடுகிறது. டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வரும். பதிவு ஏற்கெனவே ரத்தாகியிருந்தால் அது கார் அல்ல, உதிரிபாகம் மட்டுமே. உதிரிபாக விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

## 3. காரைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள். முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் எஞ்சினை உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவின் விளிம்பு, ரன்னிங் போர்டு, டிக்கியின் தரை, பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடியின் ரப்பர் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. கால்மிதியைத் தூக்கித் தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பத்மினியிலும் அம்பாசடரிலும் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்திலும் பக்கவாட்டுப் பெட்டித் தகரத்திலும் துரு ஏறியிருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. கதவைத் திறந்தால் மறுபடி சரியாக மூடவில்லை, தூக்கி மூட வேண்டியிருக்கிறது என்றால் கீல் மட்டும் காரணமாக இருக்காது, பாடியே தொய்ந்திருக்கலாம்.

கடற்கரை ஊர்க் காரையும் கோயம்புத்தூர், சேலம் பக்கத்துக் காரையும் ஒரே விலையில் தந்தால் யோசிக்காமல் கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்க் காரை எடுங்கள். புது பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் காரைவிடப் பெயிண்ட் உரிந்து உண்மை தெரிய நிற்கும் கார் மேல்.

எஞ்சினுக்குச் சுருக்கமாக: ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது. ஓட்டிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. இவற்றில் எந்தக் குறை இருந்தாலும் விலையைக் குறைத்து வாங்கலாம். துருவுக்கு மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம், வாங்காமல் வந்துவிடுங்கள்.

## 4. பணம் கொடுக்கும் முறை

அட்வான்ஸ் சிறியதாக இருக்கட்டும், வங்கி வழியாகப் போகட்டும். ஒரு தாளில் வண்டி எண், சேசிஸ் எண், பேசிய விலை, எந்தெந்த ஆவணத்தை யார் எப்போது தர வேண்டும், தராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூடவே வரும் பாகங்களையும் எழுதுங்கள். ஸ்பேர் வீல், ஜாக்கி, ஹப் கேப், பழைய ரேடியோ எல்லாம் பேசும்போது இருக்கும், எடுக்கப் போகும்போது காணாமல் போயிருக்கும்.

முழுப் பணத்தைக் கொடுக்கும் நாளில் கையில் வாங்க வேண்டியவை: அசல் ஆர்.சி., கையெழுத்திட்ட படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, விற்பவரின் ஆதார், பான் நகல்கள், கடன் இருந்திருந்தால் படிவம் 35, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, சாலை வரி மற்றும் பசுமை வரி ரசீதுகள். அசல் ஆர்.சி. தொலைந்திருந்தால் விற்பவரே காவல்துறையிடம் தொலைந்ததற்கான சான்று வாங்கி, படிவம் 26 கொடுத்து நகல் ஆர்.சி. எடுத்துத் தர வேண்டும். அதற்கு முன் முழுப் பணம் தராதீர்கள்.

காப்பீடோ பதிவோ இல்லாத காரை "பக்கத்துலதானே" என்று ஓட்டி வராதீர்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள்.

## 5. பெயர் மாற்றம் முதலில், பிரிப்பது பிறகு

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். வாங்குகிறவருக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். பரிவாகன் தளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, அசல்களை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். கட்டணம் பெரிதல்ல. விற்றவரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. தேவைப்படுவதால் அவரோடு சுமுகமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

புது ஆர்.சி. உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். அலுவலகத்தில் வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால், பட்டறையில் எஞ்சின் இல்லாமல் கிடக்கும் காரை என்ன செய்வீர்கள்?

பதிவு முடியும் தேதி நெருங்கினால் புதுப்பித்தலையும் சேர்த்தே செய்யுங்கள். காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25 கொடுக்கலாம். 2025 ஆகஸ்ட் அறிவிக்கையின்படி 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் 80,000. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் என்பது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. பல ஆண்டு காலாவதியான காருக்கு இந்தக் கூடுதல் மட்டுமே பெரிய தொகையாகிவிடும், விலை பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் மாறுகின்றன, கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

50 ஆண்டு கடந்த கார் வைத்திருப்பவர்கள் "விண்டேஜ் பதிவு செய்யலாமா" என்று கேட்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பாடியும் எஞ்சினும் அசலாக உள்ள காருக்கு அது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். வார இறுதியில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது.

## 6. பட்டறையைத் தேர்ந்தெடுப்பது

பட்டறை முடித்துக் கொடுத்த காரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பாதியில் நிற்கும் கார்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நாளாக நிற்கிறது என்று அங்கே வேலை செய்யும் பையன்களிடம் கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள். கூரை இருக்கிறதா, கழற்றிய பாகங்களை வைக்கப் பூட்டிய அறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"மொத்தமா இவ்வளவு" என்று பேசாதீர்கள். டிங்கரிங் (தகர வேலை), பெயிண்டிங், எஞ்சின், வயரிங், சீட் வேலை என்று தனித்தனியாகப் பேசி, ஒவ்வொன்றும் முடிந்ததும் அதற்கான பணத்தைக் கொடுங்கள். பொருளை நீங்கள் வாங்கித் தருவதா, அவர்கள் வாங்குவதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். முழுப் பணமும் முன்னால் போன காரில் யாரும் கைவைப்பதில்லை, தினசரி வரும் சர்வீஸ் வண்டிதான் அவர்கள் வயிற்றுப்பாடு. வாரம் ஒருமுறை நேரில் போய் நிற்க முடியாத தூரத்தில் உள்ள பட்டறை, எவ்வளவு திறமையான மிஸ்திரி இருந்தாலும், வேண்டாம்.

காலத்தையும் கவனியுங்கள். தகரத்தைச் சுரண்டி வெறுமையாக்கும் வேலையும் பெயிண்டிங்கும் ஐப்பசி, கார்த்திகையில் விழக் கூடாது. ஈரக் காற்றில் வெறும் தகரம் ஒரே இரவில் சிவந்துவிடும், அதன் மேல் பிரைமர் அடித்தால் ஒரு வருடத்தில் கொப்பளிக்கும். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். பொங்கல் முடிந்து டிங்கரிங் ஆரம்பித்து ஆடிக்குள் பெயிண்ட் முடிவது போல வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் வேலையை மழைக்காலத்துக்குத் தள்ளலாம்.

## 7. பிரிக்கும்போது நீங்கள் அங்கே இருங்கள்

ஒரு நாள் லீவு போட்டாவது இருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்பும் பின்பும் படம் எடுங்கள். போல்ட், கிளிப், வாஷர்களைச் சின்ன பிளாஸ்டிக் கவர்களில் போட்டு எந்த இடத்தினுடையது என்று எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து மாட்டப் போகிறவர் இன்று கழற்றுகிற அதே ஆளாக இருக்க மாட்டார்.

கண்ணாடிகள், லோகோ, பீடிங், ஹப் கேப், விளக்கு வளையங்கள், மீட்டர், கைப்பிடிகள் அனைத்தையும் அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பட்டறையில் விட்ட குரோம் பீடிங் பழைய இரும்போடு எடைக்குப் போய்விட்டது என்று கேள்விப்படும் வேதனை யாருக்கும் வேண்டாம். என் காரின் பக்கவாட்டுப் பீடிங் அப்படித்தான் போனது, இன்றும் அந்த நீளத்தில் அசல் கிடைக்கவில்லை.

பழைய சீட் துணியில் ஒரு துண்டு, கூரைத் துணியில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். அசல் நிறம் என்னவென்று டேஷ்போர்டின் பின்புறமோ கதவு அட்டைக்கு உட்புறமோ பார்த்தால் தெரியும், வெயில் படாத அந்த இடத்தின் நிறத்தைத்தான் பெயிண்ட் கடையில் ஒப்பிட வேண்டும். வேறு நிறம் அடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

## 8. வேலையின் வரிசை

டிங்கரிங் முதலில். மட்கிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் செய்ய வேண்டும். துருவின் மேலேயே தகரம் ஒட்டி, பட்டி பூசி மறைத்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது. அதனால் பிரைமர் அடிப்பதற்கு முன் போய்ப் பார்க்காமல் அந்தக் கட்டத்தின் பணத்தைக் கொடுக்காதீர்கள். வெல்டிங்கின்போது கதவுகளை மாட்டி வைத்தே இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். அடியில் துருத்தடுப்புப் பூச்சு, பெட்டித் தகரத்தின் உள்ளே மெழுகுப் பூச்சு இரண்டுக்கும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எஞ்சின் அதே சமயத்தில் லேத்துக்குப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பிஸ்டன் செட் கையில் வந்த பிறகே போரிங். "40 சைஸ் (அளவு கூடிய பிஸ்டன்) போட்டுக்கலாம்" என்று சிலிண்டரைக் கடைந்துவிட்டு அந்த அளவு பிஸ்டனைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் உருவானது, இரும்பு ஹெட். வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான், 2000-க்குப் பிறகு அந்தப் பெட்ரோல் இல்லை. ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடின வால்வு சீட் போட்டுவிடுங்கள்.

பிரேக்கில் எதையும் "இன்னும் ஓடும்" என்று விடக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. பழைய பத்மினியில் ஒரே பிரேக் சர்க்யூட்தான், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் நிற்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், வாரமும் ஆண்டும். பட்டன் (டயரின் மேல் மேடுகள்) நன்றாக இருக்கிறது என்பதற்காக பதினைந்து வருட டயரில் ஓட்டாதீர்கள்.

வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள், ஹெட்லைட்டுக்கு ரிலே, பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் சேருங்கள். பெயிண்டுக்குப் பிறகு வயரிங், அதன் பிறகு கூரைத்துணி, கண்ணாடி, கடைசியில் சீட்.

குரோமுக்குக் கொடுக்கும்போது எண்ணிக்கையோடு படமும் எடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இரும்பு பம்பருக்குப் பயமில்லை. கைப்பிடி, லோகோ போன்ற சில மசாக் (துத்தநாகக் கலவை) வார்ப்புகள், பழைய பூச்சை எடுக்கும் அமிலத்திலேயே அரித்துப்போகும். அந்த உலோகத்தில் பழக்கம் உள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள், முதலில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

## 9. உதிரிபாகம் தேடுவது

சென்னையில் புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. பெங்களூரில் ஜே.சி. ரோடு. பத்மினிக்கு மும்பை குர்லா, அம்பாசடருக்குக் கொல்கத்தா மல்லிக் பஜார், இரண்டுக்கும் டெல்லி காஷ்மீரி கேட். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் ஒன்றுக்கு ஒன்று மாறி வரும். ரப்பர் சாமான்களைப் பழைய ஸ்டாக்கில் வாங்காதீர்கள், பெட்டியில் இருந்தே காய்ந்திருக்கும்.

வாங்கிய அன்றே பொருத்திப் பாருங்கள். பெயிண்ட் முடிந்தபின் மாட்டலாம் என்று ஆறு மாதம் வைத்திருந்து பொருந்தாவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

## 10. செலவு

ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், நான் விசாரித்தும் கொடுத்தும் தெரிந்துகொண்ட அளவு இது. முழு டிங்கரிங்கும் பெயிண்டும் சேர்த்து ஒன்றரை முதல் மூன்று லட்சம் வரை. எஞ்சின், கியர்பாக்ஸ் ஓவர்ஹால் அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம். சஸ்பென்ஷன், பிரேக், டயர் சேர்த்து எண்பதாயிரம் அளவில். வயரிங்கும் விளக்குகளும் முப்பதாயிரம். சீட், கூரை, கதவு அட்டை நாற்பதாயிரம். குரோம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. இதெல்லாம் போக, யாரும் எழுதித் தராத ஒன்று உண்டு: வண்டிவாடகை, கூரியர், நட்டு போல்ட், மிஸ்திரிக்கு அவசரச் செலவு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்குங்கள்.

கார் வாங்கும் விலையைப் போல இரண்டு மடங்கு பணம் தனியாகக் கையில் இருந்தால் மட்டும் பிரிக்க ஆரம்பியுங்கள். பணம் தீர்ந்து பாதியில் நிற்கும் காரைப் பிரித்த நிலையில் யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை. பணம் கொஞ்சம்தான் என்றால் ஓடும் காராக வாங்கி, இந்த வருடம் பிரேக்கும் டயரும், அடுத்த வருடம் பாடி என்று ஓட்டிக்கொண்டே செய்யுங்கள். அதற்கும் மரியாதை குறைவில்லை, அப்படிச் செய்த கார்கள்தான் அதிகம் ஓடுகின்றன.

காலம்: பட்டறை ஆறு மாதம் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்கு, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று தேதி குறித்துச் செய்தால் அவசரத்தில் துருவின் மேல்தான் பட்டி விழும்.

## 11. மறுபடி சாலைக்கு

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. பத்மினியும் பழைய 1489 சிசி அம்பாசடரும் இதில் அடங்கும். விண்டேஜாகப் பதிவான காருக்கு அதில் பாதிக் கட்டணம். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு வேண்டுமென்றால் காரின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பட்டறை பில்களும் வேலைப் படங்களும் உதவும், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

நம்பர் பிளேட் வெள்ளையில் கறுப்பு எழுத்தாக இருக்கட்டும். பழைய பாணி கறுப்புப் பலகை அழகாக இருக்கும், ஆனால் சாலையில் அபராதம்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் இதைத் தாங்காது. எத்தனால் தாங்கும் குழாய்களைக் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை முழுதும் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், நாள்கணக்கில் நிற்கும் காரின் இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டு, பழுப்புத் தூள் சேர்கிறதா என்று பார்த்து வாருங்கள். காரில் ஒரு தீயணைப்பான் கட்டாயம் இருக்கட்டும்.

ஓவர்ஹால் செய்த எஞ்சினை முதல் 500 கி.மீ. மெதுவாக ஓட்டி, ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வெளியூர் வேண்டாம். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சரில் தண்ணீர் தேங்கி அரிக்கும், பேட்டரியும் ஏறாது. பதிவு முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் கைபேசியில் ஒரு நினைவூட்டலை இன்றே வைத்துவிடுங்கள்.